அரைக்கட்டை கீழே

பெரியநாயகசாமி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மிளகு தட்டிப் போட்ட வெந்நீரை மிடறு மிடறாக விழுங்கி, 'ம்ம்ம்' என்று சுருதி பிடித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவருடைய மனைவி விண்ணரசி, விரல்களில் செபமாலை சுற்றியபடி நேற்று மதியத்திலிருந்து படுத்திருந்தாள். பெட்டியின் மோட்டார் ஒரே சீராக ரீங்கரித்தது. இரண்டு கட்டைக்குச் சற்றுக் கீழே என்று அவருடைய காது கணக்குப் போட்டது. சாவு வீட்டில் கொஞ்சம் விவஸ்தையில்லாத காரியம்தான். ஆனால் நாற்பது வருடப் பழக்கம்; மின்விசிறி ஓடினாலும் மாவு மில் ஓடினாலும் அது எந்தக் கட்டை என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

இரண்டு நாளாகக் கண் மூடவில்லை. அதனால் எல்லாமே கொஞ்சம் தள்ளி நடப்பதாக இருந்தது. கூடத்தில் பெண்கள் செபம் சொல்லும் ஓசை ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருவதாகப் பட்டது. ஜன்னலுக்கு வெளியே மழைத் தண்ணீர் நின்ற வயலில் வானம் கிடந்தது. நடவு முடிந்த பச்சை அதன்மேல் லேசாக அசைந்தது. எது மேலே எது கீழே என்று ஒரு கணம் பிடிபடவில்லை. அவர் மறுபடி 'ம்ம்ம்' என்றார்.

கதவைத் தள்ளிக்கொண்டு மகள் சான்ட்ரா வந்தாள். திருவாரூரில் நர்ஸாக இருக்கிறாள். நான்கு மாதமாக நோயில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அழுது முடித்த முகம்.

"அப்பா, உள்ள என்ன பண்றீங்க? வந்தவங்க எல்லாம் உங்களத்தான் கேக்குறாங்க."

"தொண்டைய சரி பண்ணிக்கிறேம்மா. சாயங்காலம் கோயில்ல பாடணும்ல."

"இன்னிக்கு நீங்க பாடித்தான் ஆகணுமா? பாடகர் குழு பாடட்டும், உங்க மாப்பிள்ள வாசிக்கட்டும். நீங்க அம்மா பக்கத்துல உக்காந்திருங்களேன்."

"உங்கம்மாவுக்கு நான் பாடாம வேற யாரும்மா பாடுறது? அதுவும் அவ மெட்டுப் போட்ட பாட்டு."

சான்ட்ரா கைத்துணியை எடுத்தாள். அடுப்பைத் துடைத்தாள், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள், போய்விட்டாள்.

பிடிவாதம் என்று அவள் நினைத்திருக்கலாம். பிடிவாதம்தான். பதினோரு வருடமாகப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடியதில்லை. ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே தட்டில் மாம்பழம் சாப்பிட்டார்கள், உர விலையிலிருந்து பேத்தியின் காதுகுத்து வரைக்கும் பேசினார்கள். பாட்டு மட்டும் கிடையாது. அதை இன்றைக்காவது நேர் செய்துவிட வேண்டும், அவள் பாட்டைத் தன் குரலில் கேட்டுவிட்டு அவள் போக வேண்டும் என்று அவர் மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

ஒரு காலத்தில் நன்னிலம், வலங்கைமான் வட்டாரத்தில் அவர்களுடைய விண்மீன் இன்னிசைக் குழு இல்லாமல் கல்யாண வரவேற்பு கிடையாது. குழு சின்னதுதான். அவர் பாட்டு. பொதக்குடி ஜாஹித் ரிதம் பேடு. ஒரு தபேலா. மற்ற அத்தனையும் விண்ணரசியின் கீபோர்டு. வயலின் வர வேண்டிய இடத்தில் வயலின், குழல் வர வேண்டிய இடத்தில் குழல், இடது கையில் பேஸ், இதற்கு நடுவில் ஜோடிப் பாட்டு வந்தால் பெண் குரலும் அவளே. இரண்டு கையும் ஓடிக்கொண்டிருக்க, தலையைச் சற்றுச் சாய்த்து, மைக்கைப் பார்க்காமல் அவரைப் பார்த்துப் பாடுவாள். அவர் மூச்செடுக்கும் இடத்தில் இவளும் மூச்செடுப்பாள். மேடைக்குக் கீழே சாப்பாட்டுப் பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட நின்று பார்ப்பார்கள்.

அவருடைய குரலும் லேசுப்பட்டதல்ல. அதில் பொய் சொல்ல எதுவுமில்லை. வாய் திறந்தால் மண்டபம் நிறையும். நிறைவது தெரிந்து அவருக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். உலகத்தில் தனக்குத் தெரியாத வேறு எதைப் பற்றிச் சொன்னாலும் ஒப்புக்கொள்வார். சுருதி விஷயத்தில் மட்டும் யாரும் வாய் திறக்க முடியாது.

பிறகுதான் அந்தத் திருக்கடையூர். யாரோ ஒரு மிராசுதாருக்கு அறுபதாம் கல்யாணம். வரவேற்புக்குக் கும்பகோணத்திலிருந்து சாக்ஸபோன்காரர் ஒருவரைச் சிறப்பாக அழைத்திருந்தார்கள். அவர் எழுந்து ஊத, விண்ணரசி கூடவே கை வைத்தாள். இரண்டும் சேரவில்லை. அரைக்கட்டை வித்தியாசம், பல்லில் மணல் கடிபட்டதுபோல் மண்டபமே முகத்தைச் சுளித்தது. கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. ஒரு தடவை அழுத்தினால் மொத்தப் பெட்டியும் அரைக்கட்டை இறங்கும், இன்னொன்றை அழுத்தினால் ஏறும். முந்தைய பாட்டில் இறக்கி வைத்ததை அவள் ஏற்ற மறந்திருந்தாள். எதற்காக இறக்கினாள் என்று அவர் கேட்கவில்லை. மைக்கைப் பிடித்து, "மன்னிக்கணும், எங்க கீபோர்டு அம்மாவுக்குத் தூக்கம் வந்துடுச்சு. யாராச்சும் ஒரு டீ குடுங்க" என்றார். ஐந்நூறு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பட்டனை அழுத்திச் சரிசெய்து, மங்களம் வரைக்கும் வாசித்தாள்.

மறுநாள் காலை காப்பியோடு வந்து, "இனிமே நான் தனியா வாசிச்சுக்கிறேங்க. குழுவுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க" என்றாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை.

அவர் மூன்று கீபோர்டுகாரர்களை மாற்றிப் பார்த்தார். ஒருத்தனுக்கும் சுருதி நிற்கவில்லை. திட்டித் திட்டியே ஒவ்வொருவனாகப் போனான். ஆறு மாதத்தில் குழு கலைந்தது. அவளோ கோயிலில் தனியாக வாசித்துப் பாடினாள். பிறகு சின்னச் சின்ன வரவேற்புகளில், ஒரு மூலையில் கீபோர்டைப் போட்டுக்கொண்டு, யாரும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்பதுபோல் மெதுவாகப் பாடினாள். பியானோ ஒலி மட்டும், கூட அவள் குரல். குழுவில் இருந்தபோது இல்லாத ஒரு நிதானம் அதற்கு வந்திருந்தது. அவர் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. அவள் முதலில் தப்பை ஒப்புக்கொள்ளட்டும் என்று இருந்தார். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையை அவள் கடைசிவரை சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், டாக்டர் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்ட பிறகு, அவரே இறங்கி வந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அரசி, திருக்கடையூர்ல நீ பண்ணினத நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். மனசுல வச்சுக்காத."

அவள் அவரையே வெகுநேரம் பார்த்தாள்.

"சரிங்க," என்றாள். அப்புறம், "சாப்பிட்டீங்களா?"

அந்த 'சரிங்க' அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பெரிய மனதோடு நடந்துகொண்டோம் என்ற நினைப்பில் அன்றைக்குக் கேன்டீனில் இரண்டு தோசை சாப்பிட்டார்.

பதினொரு மணிக்கு ஜாஹித் பைக்கில் வந்து இறங்கினான். தலை முழுக்க நரைத்திருந்தது. ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்து, "அண்ணி" என்று ஒரே தடவை கூப்பிட்டான். பிறகு துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான். பெரியநாயகசாமி அவனை வெளியே அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"கோயிலுக்கு வருவல்ல ஜாஹித்து? நான் பாடுறேன். அண்ணி போட்ட பாட்டு. மாப்பிள்ள வாசிக்கிறாரு."

ஜாஹித் துண்டை எடுத்தான். "அருள்பிரகாஷ் தம்பியா?"

"ஆமா. நல்லா வாசிப்பாரு. முறையா படிச்சவரு."

"தெரியும்ணே. அதான்..." அவன் நிறுத்திக்கொண்டான். "அண்ணே, பாட வேணாம்ணே. உடம்பு தாங்காது. சும்மா உக்காருங்க."

"நீயுமா? பதினோரு வருசம் பாடலன்னா சுருதி போயிடுமா?"

ஜாஹித் தரையைப் பார்த்தான். "அதெல்லாம் இல்லண்ணே," என்றான்.

மூன்று மணிக்குச் சவப்பெட்டியைக் கோயிலுக்கு எடுத்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. முடிகொண்டான் ஆறு கரை தொட்டு ஓசையில்லாமல் போயிற்று. பாதையோரம் நடவு வயலில் நின்ற பெண்கள் சேற்றுக் காலோடு நிமிர்ந்து கும்பிட்டார்கள். அவர் நடந்தார். நடக்கிறோம் என்று தெரியாமல் நடந்தார். முன்னால் போவது பெட்டியல்ல, கச்சேரிக்குப் போகும் வேன், அதற்குள் அவள் கீபோர்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள், இறங்கியதும் 'ஒயரு கொண்டாந்தீங்களா' என்று கேட்பாள். இந்த நினைப்பு கோயில் படிவரைக்கும் கூட வந்தது.

பூசையில் நன்மை என்னும் அப்பம் கொடுத்து முடிந்ததும் ஃபாதர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். மருமகன் அருள்பிரகாஷ் விண்ணரசியின் கீபோர்டுக்குப் பின்னால் தயாராக இருந்தார்.

"எந்தக் கட்டை மாமா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒன்றரை."

மைக் குளிர்ந்திருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். 'கரையில் விளக்கேற்றிக் காத்திருப்பவரே' என்று தொடங்கினார். குரல் வந்தது. பதினோரு வருடம் எங்கே இருந்ததோ, அப்படியே வந்தது. பின்னால் யாரோ விம்மினார்கள். கோயில் நிறைந்தது. அவர் நெஞ்சும் நிறைந்தது. கேட்கிறாயா அரசி என்று உள்ளுக்குள் கேட்டார்.

பாட்டுக்கு மூன்று அடிகள்; சரணங்களைக் கோயிலில் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டாவது அடியில் விண்ணரசி ஒரு வேலை செய்திருந்தாள். முதல் நான்கு வரிக்குக் கீபோர்டு கிடையாது, குரல் மட்டும். ஐந்தாவது வரியில் இரண்டு கையும் ஒன்றாக வந்து சேர வேண்டும். அவள் பாடும்போது அந்த இடத்தில் ஊரே நிமிர்ந்து உட்காரும். அவர் நான்கு வரியையும் உருகிப் பாடினார். ஐந்தாவது வரியில் அருள்பிரகாஷின் கைகள் இறங்கின.

பல்லில் மணல்.

மாப்பிள்ளை கோட்டைவிட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தார். கண்ணைத் திறந்து முறைத்தார். அருள்பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். காது மடல்கள் சிவந்திருந்தன. பெரியநாயகசாமி ஒரு வார்த்தையை விழுங்கி, கீபோர்டு இருந்த இடத்துக்குக் குரலை ஏற்றிப் பிடித்தார். சமாளித்துவிட்டார். மூன்றாவது அடி வந்தது. அதிலும் நான்கு வரிக்குக் கீபோர்டு இல்லை. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கவனமாக வைத்தார். சிந்தாமல், சாயாமல், வரப்பில் பால்செம்பு கொண்டுபோகிறவராகப் பாடினார். நான்காவது வரி முடிந்து மூச்செடுத்தபோது, எடுத்த கையோடு அவருடைய கண் தானாகக் கீபோர்டின் இடப்பக்க மூலைக்குப் போயிற்று.

அங்கே ஒரு கை வர வேண்டும்.

எல்லாப் பாட்டிலும் வந்திருக்கிறது. அவர் நீளமாக ஒரு வரியை முடித்து மூச்செடுக்கும்போது, விண்ணரசியின் இடது கை ஒரு கண்ணிமைப்புக்கு வாசிக்கும் கட்டைகளை விட்டு எழுந்து, அந்த மூலையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். வளையல் ஒரு தடவை குலுங்கும். தனக்காகச் சத்தத்தைக் குறைக்கிறாள் என்று அவர் நினைத்திருந்தார். அதைப் பார்த்து ரசித்தும் இருக்கிறார். அந்த மூலையில் இருப்பது சத்தத்தைக் குறைக்கும் பட்டன் அல்ல.

அருள்பிரகாஷின் இடது கை அசையவில்லை. ஐந்தாவது வரிக்கு இரண்டு கையும் இறங்கின. அவர் குரல் கீழே இருந்தது. சரியாக அரைக்கட்டை.

திட்டி அனுப்பிய மூன்று கீபோர்டுகாரர்களும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். தோசை நினைவுக்கு வந்தது. 'மன்னிச்சிட்டேன்' என்று சொன்ன தன் குரல், எவ்வளவு கம்பீரமான குரல், நினைவுக்கு வந்தது. அவர் வாயைத் திறந்தபடி நின்றார். துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பாடகர் குழு எழுந்து மீதிப் பாட்டை முடித்துவைத்தது.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் அவர் ஜாஹித்தின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தன நாளா?"

எதைக் கேட்கிறார் என்று ஜாஹித் கேட்கவில்லை. "ஆரம்பத்துலேருந்தேண்ணே."

"எல்லாக் கச்சேரியிலயுமா?"

"நீளமான பாட்டுன்னா கட்டாயம். நீங்க எறங்குனா அண்ணி பெட்டிய எறக்கிடுவாங்க. ஜோடிப் பாட்டுன்னா தன் கொரலயும் எறக்கிப்பாங்க. பாட்டு முடிஞ்சதும் ஏத்தி வச்சிடுவாங்க. அன்னிக்கு ஒரு நாள்தான் மறந்துட்டாங்க. சாக்ஸபோன்காரரு பொசுக்குன்னு எந்திரிச்சு ஊதிட்டாரு."

"உனக்குத் தெரிஞ்சும் நீ சொல்லல."

"நான் என்னத்தண்ணே சொல்றது. எனக்கு பேடு. அதுக்கு சுருதி ஏது?"

தூறல் சன்னமாகி, காற்றில் நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தது.

"சொல்லிடுங்க அண்ணின்னு நானே ஒரு தடவ சொன்னேன்," என்றான் ஜாஹித். "'அவர் பாடறப்ப மூஞ்சியப் பாத்திருக்கியா ஜாஹித்து? சொன்னா அந்த மூஞ்சி அப்புறம் வராது'ன்னாங்க. திருக்கடையூருக்கு மறுநாளு போன் பண்ணி அழுதாங்கண்ணே. 'நெசத்த சொன்னா அவர் பாட்ட விட்டுடுவாரு. சொல்லாம இனிமே என்னால வாசிக்க முடியல. நானே வெலகிக்கிறேன்'னாங்க. யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"நான் அவள மன்னிச்சேன்டா," என்றார் பெரியநாயகசாமி. "செவ்வாக்கிழம. கையப் புடிச்சுக்கிட்டு, மன்னிச்சேன்."

ஜாஹித் குடையை அவர் பக்கம் சாய்த்தான்.

குழியைச் சுற்றிச் செம்மண்ணும் களிமண்ணும் கலந்து குவிந்திருந்தது. ஃபாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். பெட்டி கயிற்றில் இறங்கி, அடியில் ஊறியிருந்த தண்ணீரைத் தொட்டது. சான்ட்ரா அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். "அம்மா" என்று ஒரு தடவை கத்தினாள். அவர் மகளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். அழுகை அவருக்கும் வந்தது. அழுதார்.

பாடகர் குழுவில் பாதிப் பேர் மழைக்குப் பயந்து கோயிலிலேயே நின்றுவிட்டார்கள். கீபோர்டும் அங்கேதான். மண் போட ஆரம்பித்தபோது பாட ஆளில்லாமல் ஒரு வெறுமை விழுந்தது. அப்போது கூட்டத்துக்குப் பின்னால், வயலிலிருந்து நேராக வந்து சேற்றுக் காலோடு நின்ற பெண்களில் ஒருத்தி, நடவு ஆட்களின் கொத்துக்குத் தலைமையான ரெத்தினம், யாரையும் கேட்காமல் பாடத் தொடங்கினாள். விண்ணரசியின் பாட்டுதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் கடைசி பெஞ்சிலிருந்து கேட்டுப் பழகியது. குரல் கரகரத்தது. எந்தக் கட்டை என்று கணக்குப் போட முடியாத ஓர் இடத்தில் எடுத்திருந்தாள். மற்றப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

பெரியநாயகசாமி வாயைத் திறந்தார். வழக்கம்போல் தன்னுடைய ஒன்றரைக் கட்டைக்குத்தான் குரல் கிளம்பியது. பாதியில் நிறுத்தினார். நின்று கேட்டார். ஒரு வரி முழுக்கக் கேட்டார். பிறகு, இருட்டில் படிக்குக் கால் வைப்பதுபோல் தடவித் தடவி, அந்தப் பெண்கள் இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்துகொண்டார்.

இரண்டாவது அடியில் ரெத்தினத்தின் குரல் இறங்கியது. அவரும் இறங்கினார். கைப்பிடி மண்ணை உள்ளே விட்டார். மூன்றாவது அடியில் இன்னும் இறங்கியது. தம் பிடிக்கச் சிரமமாக இருந்தது. அவ்வளவு கீழே அவர் ஒருநாளும் பாடியதில்லை. ரெத்தினத்துக்கு எதுவும் தெரியவில்லை. மழைத்தண்ணீர் முகத்தில் வழிய, கண்ணை மூடிக்கொண்டு, முழு மனதோடு பாடிக்கொண்டிருந்தாள். அவர் அந்த முகத்தைப் பார்த்தபடியே, அவள் மூச்செடுக்கும் இடத்தில் தானும் மூச்செடுத்து, கூடவே பாடினார்.